முந்நூறு வாரம்

உங்கள் வீட்டில் யோகா பாய் இருக்கிறதா? இல்லை என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். நன்றாகத் தேடிப் பாருங்கள். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற சந்தில், பழைய காலண்டர்களோடு சுருண்டு நின்றுகொண்டிருக்கும். ஜனவரி மாதம் ஏதோ ஒரு வேகத்தில் வாங்கியது. பதினொரு நாள் விரித்தோம். பன்னிரண்டாவது நாள் ஜலதோஷம். பதிமூன்றாவது நாள் ஊரிலிருந்து மாமனார் வந்துவிட்டார். பதினாலாவது நாள் பாய் சந்துக்குள் போய்விட்டது. அவ்வளவுதான்.

என் பாய் சந்துக்குள் போன கதை கொஞ்சம் வேறு. நாற்பத்து மூன்று வயதில், ஒரு மொட்டை மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். நோட்டீஸில் 'இருபத்தோரே நாளில்' என்று போட்டிருந்தது. நான் பி.காம். படித்தவன். இத்தனை ரூபாய்க்கு இத்தனை நாள், இத்தனை ஆசனம் என்று யாராவது கணக்குச் சொன்னால் உடனே மயங்கிவிடுவேன். மூன்றாவது நாள் பத்மாசனம். பக்கத்தில் ஒரு காலேஜ் பையன், ஏதோ சட்டையை மடிப்பது மாதிரி காலை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். விடுவேனா நான்? இழுத்தேன். இடது முழங்காலில் 'டக்' என்று ஒரு சத்தம்.

அடுத்த இரண்டு மாதம் மாடிப்படியில் கைப்பிடிச் சுவரை விட்டு நான் கையை எடுக்கவில்லை. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "எதுவும் உடையலை. ஆனா ஒண்ணு கேக்கறேன்... அந்தக் காலை மடிச்சு வைக்க என்ன சார் அவ்வளவு அவசரம்?" என்றார்.

பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் சும்மா கிடந்த நாட்களில் யோகாசனத்தின் சமீபகால வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன். அதில் எனக்கு ஒரு கூட்டாளி கிடைத்தார். அவருக்கும் சின்ன வயதில் இதே மாதிரி ஒரு 'டக்'. என்னுடையதைவிட ரொம்பப் பெரியது. ஆனால் அவர் பாயைச் சுருட்டி வைக்கவில்லை.

அவர் பெயர் பி.கே.எஸ். ஐயங்கார்.

*

பெயரைக் கேட்டதும் உங்களுக்கு ஒரு படம் ஞாபகம் வரும். நெற்றியில் நாமம், அடர்ந்த புருவம், சிங்கப் பிடரி மாதிரி தலைமுடி, வில்லாக வளைந்த உடம்பு. அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிடுங்கள். நாம் ஆரம்பிக்க வேண்டிய இடம் வேறு.

1918 டிசம்பர் 14. அன்றைய மைசூர் சமஸ்தானத்தில், கோலார் ஜில்லா, பெல்லூர் என்கிற சின்ன ஊர். (சிற்பக் கோயில் இருக்கிறதே, அந்தப் பேலூர் இல்லை. இது வேறு.) உலகம் முழுக்க இன்ஃப்ளூயன்ஸா கொத்துக் கொத்தாக ஆட்களைத் தூக்கிக்கொண்டு போன வருடம். வயிற்றில் பிள்ளையோடு இருந்த அந்தத் தாய்க்கும் அதே ஜுரம். பிறந்த குழந்தைக்குக் குச்சிக் கை, குச்சிக் கால், முன்னால் தள்ளிய வயிறு, கழுத்து தாங்காத தலை.

பதின்மூன்று பிரசவத்தில் பதினோராவது பிள்ளை. தங்கியது பத்துதான். அந்தப் பத்தில் இதுவும் ஒன்று என்பதே அதிசயம். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். குடும்பம் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தது. ஒன்பது வயதில் அப்பாவும் போய்விட்டார். பிறகு வரிசையாக மலேரியா, டைஃபாய்டு, காசநோய். போதாக்குறைக்கு அரை வயிற்றுச் சாப்பாடு. இந்தப் பையன் பெரியவனாகி என்ன செய்வான் என்று அந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். பெரியவனாவானா என்பதே கவலையாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் அத்திம்பேர் வருகிறார். அதாவது அக்கா புருஷன்.

திருமலை கிருஷ்ணமாச்சாரியா. 1888-ல் பிறந்தவர். சம்ஸ்கிருதத்தில் பெரிய வித்வான். யோக சாஸ்திரம், ஆயுர்வேதம் எல்லாம் கரைத்துக் குடித்தவர். மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அவரிடம் யோகம் கற்றுக்கொண்டார். ஜகன்மோகன் அரண்மனையில் 1933-ல் ஒரு யோகசாலையே அமைத்துக் கொடுத்தார்.

1934-ல் அந்த அத்திம்பேர் லோனாவ்லாவில் இருந்த யோக ஆராய்ச்சி நிலையத்தைப் பார்க்கப் புறப்பட்டார். வழியில் பெங்களூரில் இறங்கி மச்சினனைப் பார்த்தார். தான் திரும்பி வரும்வரை அக்காவுக்குத் துணையாக மைசூரில் போய் இருக்கச் சொன்னார். போனான். துணைக்குப் போன பையன் அங்கேயே தங்கிவிட்டான். உடம்பு தேறும், கொஞ்சம் யோகம் கற்றுக்கொள்ளட்டும் என்று ஏற்பாடு.

ஆனால் ஆரம்பத்தில் குரு அவனைக் கண்டுகொள்ளவே இல்லை. குனிந்தால் கை முழங்காலைத் தாண்டாது. இவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது, வீட்டு வேலை செய்வது என்று நாள் ஓடியது.

*

ஒரு விஷயத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் படித்தவர்களிடம் யோகத்துக்கு இன்றைய மரியாதை கிடையாது. அது சாமியார் சமாச்சாரம். மகாராஜா அதை ஜனங்களிடம் கொண்டுபோக நினைத்தார். எப்படிக் கொண்டுபோவது? கண்காட்சிதான் வழி. கிருஷ்ணமாச்சாரியா ஊர் ஊராகப் போய்ச் செய்து காட்டினார். நாடித் துடிப்பை நிறுத்திக் காட்டினார், ஓடும் காரைக் கையால் நிறுத்தினார், கனமான பொருட்களைப் பல்லால் தூக்கினார் என்றெல்லாம் சொல்வார்கள். கூட வரும் மாணவர்கள் உடம்பை ரப்பராக வளைத்துக் காட்டுவார்கள். கூட்டம் வாயைப் பிளந்து பார்க்கும்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூட்டம் கூடினால்தான் மரியாதை, மரியாதை வந்தால்தான் யோகசாலை நடக்கும். ஆனால் மேடை என்பது ஒரு வினோதமான எஜமான். கற்றுக்கொள்ள ஆறு வருடம் ஆகும் என்றால் காத்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு மேடையில் இருந்தாக வேண்டும்!

1935-ல் அப்படி ஒரு பெரிய நிகழ்ச்சி நெருங்கியது. குருவுக்கு ரொம்பப் பிடித்த சிஷ்யன் கேசவமூர்த்தி என்று ஒருவன் இருந்தான். அவன் திடீரென்று ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிவிட்டான். கைவசம் இருந்தது மச்சினன் மட்டும்தான். இருக்கிற சில நாட்களுக்குள் கடினமான ஆசனங்களை அவன் உடம்பில் ஏற்றியாக வேண்டும். ஏற்றினார் குரு. பையனும் எல்லோரும் ஆச்சரியப்படும்படி செய்து காட்டிவிட்டான். கைதட்டல் பிரமாதம். நாள்கணக்கில் உடம்பெல்லாம் ரணம்.

இன்னொரு சமயம், யோகசாலைக்கு வந்த முக்கியமான விருந்தாளி ஒருவர் முன்னால் அனுமானாசனம் செய் என்று குரு உத்தரவு போட்டார். அனுமானாசனம் என்றால் ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நேராக நீட்டி, அப்படியே தரையில் உட்கார்வது. கடலைத் தாண்டிய அனுமனின் எட்டு. பையன் அதுவரை செய்ததே இல்லை. தப்பிக்கப் பார்த்தான். போட்டிருக்கிற ஜட்டி ரொம்ப இறுக்கம், காலை அவ்வளவு விரிக்க முடியாது என்றான். குரு என்ன செய்தார் தெரியுமா? கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். இரண்டு பக்கமும் வெட்டியாயிற்று. இனி என்ன சாக்கு? செய்தான். தொடையின் பின்பக்கத் தசை கிழிந்தது.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தன்னால் சரியாக நடக்க முடியவில்லை என்று ஐயங்காரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

அதுதான் அவருடைய 'டக்'.

*

1937-ல் பூனாவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஆறு மாதம் யோகம் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். யாரை அனுப்பலாம்? கொஞ்சம் இங்கிலீஷ் தெரிந்தவன் மச்சினன்தான். வேடிக்கை என்னவென்றால், அவர் மெட்ரிகுலேஷனில் கோட்டைவிட்டதே இங்கிலீஷில்தான்!

பதினெட்டு வயது. மராத்தி தெரியாது. கையில் காசு கிடையாது. மாணவர்களோ கல்லூரிக்காரர்கள். வாத்தியாரைவிட வயதிலும் உடம்பிலும் படிப்பிலும் பெரியவர்கள். கைதட்டலுக்காகக் கற்றுக்கொண்ட ஆசனங்களைச் செய்து காட்டிவிடலாம். ஆனால், 'எனக்கு இது ஏன் வரலை சார்?' என்று ஒருவன் கேட்டால்? காரணம் சொல்லத் தெரிய வேண்டுமே. அதை மைசூரில் யாரும் சொல்லித்தரவில்லை. மேடைக்குக் காரணம் தேவைப்படாது இல்லையா?

அங்கேதான் அவருடைய நிஜமான பாடம் ஆரம்பிக்கிறது. முதலிலிருந்து, தன்னந்தனியாக. நாளைக்குப் பல மணி நேரம் பயிற்சி. கால் கட்டைவிரலை இந்தப் பக்கம் திருப்பினால் இடுப்பில் எங்கே வலிக்கிறது? முழங்காலைக் கொஞ்சம் தூக்கினால் அந்த வலி எங்கே போகிறது? கண்ணாடி கிடையாது, குரு பக்கத்தில் கிடையாது. அவர் உடம்பே சிலேட்டு, அதுவே பல்பம். சில நாட்களில் சாப்பாட்டுக்கே வழியில்லாமல் குழாய்த் தண்ணீரைக் குடித்துக் காலம் தள்ளியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் பைத்தியம் என்றுகூடச் சொன்னார்கள்.

ஆறு மாதம் என்று போனவர் பூனாவை விட்டு வரவே இல்லை. அதுவே அவர் ஊராகிவிட்டது.

இந்த வருடங்களில் அவர் கண்டுபிடித்த ஒன்றை இன்று உலகம் முழுக்க யோகா வகுப்புகளில் பார்க்கலாம். செங்கல், கயிறு, பெல்ட், நாற்காலி, தலையணை. குனிந்தால் கை தரைக்கு எட்டவில்லையா? தரையைக் கைக்குக் கொண்டுவா, ஒரு செங்கல்லை வை. அவ்வளவுதான். 'முடியவில்லை' என்பவனை அதட்டாமல், அவன் இன்று எங்கே நிற்கிறானோ அங்கிருந்து ஒரு படி ஏறுவதற்கு ஒரு முட்டுக்கொடுப்பது. கத்தரிக்கோலால் வெட்டப்பட்ட ஒரு பையன், பெரியவனாகி, மற்றவர்களுக்கு ஒரு செங்கல்லை எடுத்து நீட்டுகிறான். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

அவர் வகுப்பில் அதட்டல் இல்லையா என்றால், தாராளமாக இருந்தது. முன்கோபக்காரர். தட்டுவார், கத்துவார். புத்தரைப் பற்றி நான் எழுதவில்லை. ஆனால், பாடத்திட்டத்தில் அவசரம் காட்டவில்லை.

*

ஆசனம் வந்துவிட்டது, சரி. மூச்சு?

பிராணாயாமம் சொல்லிக்கொடுங்கள் என்று அவர் குருவிடம் கேட்டபோது, உன் நெஞ்சுக்கூடு அதற்கு லாயக்கில்லை என்று மறுத்துவிட்டார் கிருஷ்ணமாச்சாரியா. காசநோய் வந்து போன நெஞ்சு. 1940-களில் ஐயங்கார் தானாகவே முயற்சி செய்ய ஆரம்பித்தார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பார். மனைவி ரமாமணி எழுந்து காபி போட்டுக் கொடுப்பார். உட்காருவார். சில நிமிடங்கள்தான். மூச்சு முட்டும். முதுகு ஒத்துழைக்காது. மனசு அலைபாயும். எழுந்துவிடுவார். அடுத்த நாள் மறுபடி நாலு மணி, மறுபடி காபி, மறுபடி தோல்வி.

எத்தனை நாள் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மாதம்? ஆறு மாதம்? வருடங்கள் சார், வருடங்கள்! எத்தனையோ வருடம் இப்படித் தோற்றுத் தோற்றுத்தான் பிராணாயாமம் தனக்குப் பிடிபட்டது என்று அவரே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். ஊருக்கெல்லாம் யோகம் சொல்லிக்கொடுக்கிற ஆசாரியர். வீட்டில், விடியற்காலையில், யாரும் பார்க்காத நேரத்தில், முதல் வகுப்பு மாணவன்.

இடையில் புகழும் வந்தது. 1952-ல் உலகப் புகழ்பெற்ற வயலின் மேதை யெஹூதி மெனுஹின் இந்தியா வந்தார். பம்பாயில் ஐயங்காருக்கு அவரைப் பார்க்க ஐந்தே நிமிடம்தான் அனுமதி. ஊர் ஊராகக் கச்சேரி செய்து களைத்துப்போயிருந்த மெனுஹினை இவர் படுக்கச் சொன்னார். மனிதர் அப்படியே தூங்கிப்போனார். விழித்தபோது அந்த ஐந்து நிமிடம் எப்போதோ தாண்டிப் போயிருந்தது. எத்தனையோ நாள் கழித்துக் கிடைத்த அப்படியொரு ஓய்வு. விடுவாரா? 1954-ல் ஐயங்காரை ஸ்விட்சர்லாந்துக்கே வரவழைத்துவிட்டார். அங்கிருந்து ஐரோப்பா முழுக்கக் கதவு திறந்தது. எண்பது வயதைத் தாண்டிய பெல்ஜியத்தின் ராணி எலிசபெத்துக்கு சிரசாசனம் கற்றுக்கொடுத்தவர் இவர்தான்.

1966-ல் 'லைட் ஆன் யோகா' புத்தகம் லண்டனில் வெளியானது. முன்னுரை, மெனுஹின். இருநூறு ஆசனங்கள், அறுநூறு சொச்சம் புகைப்படங்கள். அத்தனையிலும் இருப்பவர் அந்தப் பழைய நோஞ்சான் பையன். எல்லோரும் படங்களைத்தான் புரட்டுவார்கள். நானும் அப்படித்தான் புரட்டினேன். பிறகு கடைசியில் இருக்கிற ஒரு பிற்சேர்க்கையில் போய் நின்றேன்.

அது ஒரு அட்டவணை. எந்த வாரம் எந்த ஆசனம் என்று. முதல் இரண்டு வாரத்துக்கு விரல்விட்டு எண்ணிவிடலாம். திரிகோணாசனம் மாதிரி நின்றுகொண்டு செய்வது சில, அப்புறம் சர்வாங்காசனம், ஹலாசனம், கடைசியில் செத்தது போல் கிடக்கிற சவாசனம். முடிந்தது. முதல் முப்பது வாரம் முழுக்கத் தேடினாலும் அனுமானாசனம் கிடையாது. ஒவ்வொரு ஆசனத்துக்கும் கடினத்துக்கு ஏற்ற மாதிரி எண் வேறு கொடுத்திருக்கிறார். நேராக நிற்கிற தாடாசனத்துக்கு 1. உச்சபட்சம் 60.

அந்த அட்டவணை எத்தனை வாரத்தில் முடிகிறது தெரியுமா?

முந்நூறு!

கால்குலேட்டரை எடுத்தேன். பழக்கதோஷம். முந்நூறு வாரம் என்றால் ஐந்து வருடம், ஒன்பது மாதம். போஸ்ட் ஆபீஸில் போடுகிற ஆர்.டி.கூட ஐந்து வருடத்தில் முதிர்ந்து கைக்கு வந்துவிடும். மொட்டை மாடியில் எனக்குக் கிடைத்தது இருபத்தோரு நாள். அதாவது மூன்று வாரம். நூற்றில் ஒரு பங்கு.

சில நாட்களுக்குள் அத்தனையும் உடம்பில் திணிக்கப்பட்டவர், உலகத்துக்கு எழுதிக் கொடுத்த பாடத்திட்டம் முந்நூறு வாரம். ஒவ்வொரு வாரத்துக்கும் அவர் எந்த வலியை நினைத்துக்கொண்டு எழுதினாரோ என்று தோன்றியது.

*

இத்தோடு முடிந்திருந்தால் இது ஒரு சாதாரண வெற்றிக் கதை. வியாதி, உழைப்பு, புகழ், சுபம். ஆனால் வரலாறு அப்படி நேர்க்கோட்டில் போவதில்லை.

1973 ஜனவரியில் பூனாவில் தன் யோக நிலையத்துக்கு பூமிபூஜை போட்டார் ஐயங்கார். அடுத்த சில நாட்களில் மனைவி ரமாமணி காலமானார். நாலு மணிக்கு எழுந்து காபி போட்ட அந்தப் பெண்மணிதான். 1975-ல் அவர் பெயரிலேயே நிலையம் திறக்கப்பட்டது. அறுபதாம் வயதும் விமரிசையாகக் கொண்டாடப்பட்டது.

அதைத் தொட்டு, 1979-ல் ஸ்கூட்டரில் போகும்போது விபத்து. முதுகெலும்பிலும் தோளிலும் முழங்காலிலும் அடி. சில மாதம்கூட ஆகவில்லை, இன்னொரு விபத்து. நாற்பது வருடத்துக்கும் மேலாகச் சேர்த்தது ஒரே வருடத்தில் போயிற்று. புகைப்படங்களில் பார்த்த அந்த மகா வளைவுகளை விடுங்கள், ஆரம்ப நிலை ஆசனமே வரவில்லை.

அறுபது வயது. உலகம் முழுக்க சிஷ்யர்கள். போதும், இனி உட்கார்ந்து உபதேசம் செய்யலாம் என்று முடிவெடுத்திருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் முதல் பாடத்துக்குப் போனார். மற்றவர்களுக்காகக் கண்டுபிடித்த நாற்காலியையும் கயிற்றையும் செங்கல்லையும் தனக்காக எடுத்துக்கொண்டார். பழைய நிலைக்குப் பக்கத்தில் வரவே ஏறக்குறைய பத்து வருடம் ஆனது. தொண்ணூறைத் தாண்டிய பிறகும் தினமும் பயிற்சி செய்தார். அரை மணி நேரம் சிரசாசனத்தில் நிற்பார். 2014-ல் பத்ம விபூஷண் கிடைத்தது. அதே வருடம் ஆகஸ்ட் 20-ல், தொண்ணூற்றைந்து வயதில் மறைந்தார்.

அத்திம்பேர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? அவர் கதை நம் சென்னையில் முடிகிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு ராஜாக்களும் இல்லை, அரண்மனை மானியமும் இல்லை. 1950-ல் மைசூர் யோகசாலை மூடப்பட்டது. 1952-ல் கிருஷ்ணமாச்சாரியா சென்னைக்கு வந்துவிட்டார். இங்கே மேடையும் இல்லை, விருந்தாளியும் இல்லை. வந்தவர்கள் நோயாளிகள், வயதானவர்கள், தூக்கம் வராதவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக உட்கார வைத்து, நாடி பார்த்து, அவரவர் உடம்புக்குத் தகுந்த மாதிரி படிப்படியாகக் கொடுக்க ஆரம்பித்தார். மைசூரில் அதட்டியவர், சென்னையில் காத்திருக்கக் கற்றுக்கொண்டார். அவர் மகன் தேசிகாச்சார் இன்ஜினீயரிங் படித்தவர். யோகம் கற்றுக்கொடுங்கள் என்று அப்பாவிடம் வந்தபோது, மனிதர் உடனே சம்மதித்துவிடவில்லை. விடியற்காலை மூன்றரை மணிக்கு வரச் சொன்னார். நிஜமாகவே ஆசையா, அல்லது ஜனவரி மாத வேகமா என்று பார்க்கத்தான்!

கிருஷ்ணமாச்சாரியாவுக்குத் தொண்ணூற்றாறு வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். (இதை நீங்கள் பின்பற்ற வேண்டாம், டாக்டர் சொல்வதைக் கேளுங்கள்.) படுக்கையில் படுத்தபடி தன்னால் என்ன செய்ய முடியும் என்று பார்த்து, தனக்கென்று ஒரு பயிற்சித் திட்டத்தை வகுத்துக்கொண்டார். கார்களை நிறுத்திக் காட்டியதாகச் சொல்லப்பட்ட கை, இப்போது படுக்கையில் மூச்சோடு சேர்ந்து மெல்ல ஏறி இறங்கியது. 1989-ல், நூறு வயதைக் கடந்தபின் மறைந்தார்.

ஒருவர் அறுபது வயதில். இன்னொருவர் தொண்ணூற்றாறு வயதில். குருவும் சிஷ்யனும் பின்னாளில் ஒத்துப்போகாதவர்கள். ஆனால், இரண்டு பேரும் கடைசியில் செய்தது ஒரே காரியம். முதல் பாடத்துக்குத் திரும்பிப் போனார்கள். வெட்கப்படாமல்.

*

பொறுமை என்றால் நாம் என்ன நினைக்கிறோம்? பஸ் ஸ்டாப்பில் காத்திருப்பது மாதிரி. கொஞ்சம் நேரம் ஆகும், ஆனால் பஸ் வந்துவிடும். ஏறி உட்கார்ந்தால் அப்புறம் கவலையில்லை. யோகத்திலும் தியானத்திலும் வேண்டியிருக்கிற பொறுமை அது இல்லை என்றுதான் இந்த இரண்டு பேரின் வாழ்க்கையும் சொல்கிறது. ஏறி உட்கார்ந்த பிறகும் பஸ் பாதியில் நிற்கும். இறக்கிவிடும். புறப்பட்ட ஸ்டாப்புக்கே திரும்ப வேண்டியிருக்கும். அப்போது என்ன செய்கிறோம் என்பதுதான் விஷயம்.

குறைந்தது ஆயிரத்தைந்நூறு வருடங்களுக்கு முன்பே பதஞ்சலி முனிவருக்கு இது தெரிந்திருக்கிறது. பயிற்சி வேர்பிடிக்க மூன்று விஷயங்கள் வேண்டும் என்கிறார்: நீண்ட காலம், இடைவிடாமை, ஈடுபாடு. கூடவே, குறுக்கே வருகிற ஒன்பது தடைகளையும் பட்டியல் போடுகிறார். நோய், சந்தேகம், சோம்பல் என்று நமக்குப் பழக்கமான ஆசாமிகள்தான். கடைசி இரண்டைப் பாருங்கள். எட்ட வேண்டிய நிலையை எட்டாமல் போவது ஒன்று. எட்டிய நிலையில் நிலைக்க முடியாமல் சறுக்குவது இன்னொன்று. சறுக்கல் என்பது நம் தனிப்பட்ட அவமானம் என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தோம்? மனிதர் அதைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்திருக்கிறார்!

தியானத்திலும் இதே கதைதான். கண்ணை மூடுகிறோம். மூச்சைக் கவனிக்கிறோம். ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவது மூச்சில் கரன்ட் பில் ஞாபகம் வந்துவிடுகிறது. 'எனக்கெல்லாம் இது வராது சார்' என்று எழுந்துவிடுகிறோம். கரன்ட் பில்லிலிருந்து மறுபடியும் மூச்சுக்குத் திரும்புவதுதான் பயிற்சி. பத்து நிமிடத்தில் முப்பது தடவை ஓடினால், முப்பது தடவை திரும்புவது. தியானத்தை நேரடியாகப் 'போட' முடியாது, உடம்பும் மூச்சும் பதப்பட்டால் தானாகக் கனிந்து வரவேண்டிய நிலை அது என்பது ஐயங்காரின் கட்சி. உடற்பயிற்சி வாத்தியார் என்று அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. நாலு மணிக் காபியை எத்தனையோ வருடம் குடித்தவருக்கு, எது எவ்வளவு நாளில் வரும் என்று தெரிந்திருக்கும்.

இப்போதெல்லாம் மேடை நம் சட்டைப்பையிலேயே இருக்கிறது. முப்பது வினாடி வீடியோவில் ஒரு பெண் கடற்கரையில் அனுமானாசனம் செய்கிறாள். அவளுக்கு எத்தனை வருடம் ஆனது என்று அந்த முப்பது வினாடியில் தெரியாது. நமக்கு மட்டும் கை பரபரக்கிறது. கால் இழுக்கிறது. மைசூர் அரண்மனைக்கும் நம் வீட்டு ஹாலுக்கும் ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே ஒரு வித்தியாசம்... நம் ஜட்டியை வெட்ட யாரும் கத்தரிக்கோல் எடுத்துக்கொண்டு வரவில்லை. நாமேதான் எடுத்துக்கொள்கிறோம்.

டாக்டர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். மூன்றாவது நாள் நான் பத்மாசனம் கற்றுக்கொள்ளவில்லை. பக்கத்து மேடையில் இருந்த காலேஜ் பையனுக்கு என்னைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

என் நீலப் பாய் இப்போது சந்தில் இல்லை. முழங்கால் சரியான பிறகு, பொறுமையான ஒரு ஆசிரியரைத் தேடிப் பிடித்து, அந்த அட்டவணையின் முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்தேன். ஒன்பதாவது வாரத்தில் வெளியூர் வேலை வந்து விட்டுப்போனது. மறுபடி முதல் வாரம். பதினான்கில் காய்ச்சல். மறுபடி முதல் வாரம். இன்று மூன்றாவது சுற்றில் ஆறாவது வாரம். இந்த வேகத்தில் போனால் முந்நூறு வாரம் எப்போது முடியும் என்று பழைய பழக்கத்தில் கால்குலேட்டரைத் தேடினேன். பிறகு வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

கையை நீட்டினால் தரைக்கும் விரலுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. இப்போது நாலு விரல்கடை. அங்கே ஒரு செங்கல் வைத்திருக்கிறேன். நிஜச் செங்கல்தான், மூன்றாவது தெருவில் வீடு கட்டுகிறவர்களிடம் கேட்டு வாங்கியது.

எதற்கு என்று கேட்டார்கள். 'வீட்டுக்கு முட்டுக்கொடுக்க' என்றேன். பாதி உண்மைதானே?

உங்கள் பாய் அந்தச் சந்தில்தான் இருக்கிறது. தூசி தட்டினால் போதும். எத்தனை நாள் விட்டுப்போனது என்று அது கேட்காது.